வேலை இல்லை, எழுந்திருக்கவும் மனமில்லை

கேள்வி:
மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,
எனக்கு 25 வயது. பட்டம் வாங்கி மூன்று வருடமாக வேலை தேடுகிறேன். நேர்காணலுக்குப் போனால் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பார்கள், அத்தோடு சரி. இப்போதெல்லாம் காலையில் தங்கை வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். அவள் போன பிறகுதான் அறையை விட்டு வருவேன். நண்பர்களின் போனை எடுப்பதில்லை. நாள் முழுக்க நேரம் கிடக்கிறது, ஒரு விண்ணப்பத்தைக்கூட முடிக்க முடிவதில்லை. அப்பா சோம்பேறி என்று திட்டுகிறார். உண்மைதானோ என்று எனக்கே தோன்றுகிறது. நான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையுமே என்றும் சில இரவுகளில் நினைக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:
அன்புத் தம்பிக்கு,
கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டில் யாரிடம் மனம்விட்டுப் பேச முடியுமோ அவரிடம் இன்றே சொல்லுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணம் வலுத்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், அந்தச் ‘சோம்பேறி’. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். கட்டணத்தை நீக்கியும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஆண்களின் நடையே மெதுவாகியிருந்தது. ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் சோம்பேறியாகிவிடுமா என்ன? நாளுக்கு ஓர் ஒழுங்கு, பழக நாலு பேர், நாமும் தேவைப்படுகிறோம் என்ற நினைப்பு எல்லாமே சம்பளத்தோடு சேர்ந்து போய்விடுகின்றன. உங்களுக்கு நடந்திருப்பதும் அதுதான்.

அதனால் வேலை கிடைக்கும் முன்பே அந்த ஒழுங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரலாம். தங்கை கிளம்பும் நேரத்தில் நீங்களும் குளித்துக் கிளம்புங்கள். விண்ணப்பத்துக்கு இரண்டு மணி நேரம். முடிந்ததோ இல்லையோ, அத்தோடு மூடி வையுங்கள். நீங்கள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று யாராவது கேட்கிற ஓர் இடம் வேண்டும். பயிற்சி வகுப்போ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதோ, எதுவானாலும் சரி. ஒரே ஒரு நண்பருக்காவது போன் செய்யுங்கள்.

அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். மகனைப் பற்றிய பயம்தான் பல வீடுகளில் திட்டாக வருகிறது. ‘தினமும் கேட்க வேண்டாம்ப்பா, ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன்’ என்று அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் உங்களோடு வரவும் அவரையே கேட்டுப்பாருங்கள்.