விதைத்தோல்: தாவரவியல் டீச்சரிடம் கேட்டவை

கேள்வி: முளைகட்ட பச்சைப்பயறு ஊறப்போட்டால் நாலைந்து மட்டும் கல்லாகவே கிடக்குதே டீச்சர், சொத்தையா?

பதில்: சொத்தை இல்லைம்மா, உயிரோடுதான் இருக்கு. அதன் தோலில் தூண்களை நெருக்கி நிறுத்தியதுபோல ஓர் அடுக்குச் செல்கள் உண்டு. சில விதைகளில் அது துளி நீரையும் உள்ளே விடாது. முதல் மழையிலேயே எல்லாம் முளைத்து, பிறகு வெயில் காய்ந்தால் வம்சமே போச்சு. அதனால் சிலது காத்திருக்கும். காட்டுப் பயறுகளில் இந்தக் குணம் அதிகம். சட்டென்று முளைப்பதையே தலைமுறை தலைமுறையாக விதைத்ததில் நம் பயறில் குறைந்துவிட்டது. பல் பத்திரம், ஊறாததைப் பொறுக்கிவிடுங்கள்.

கேள்வி: சரக்கொன்றை விதை போட்டு மூணு மாசமாச்சு, ஒண்ணும் வரல.

பதில்: அதே கதைதான். உப்புத்தாளில் தேயுங்கள். பழுப்பு போய் வெளுப்பு தெரிந்ததும் நிறுத்திவிடவேண்டும். காம்பு ஒட்டியிருந்த தழும்புப் பக்கம் மட்டும் கைவைக்காதீர்கள், முளைவேர் அங்கேதான் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஊறட்டும். பருத்திருந்தால் மண்ணில் போடலாம். கந்தக அமிலத்தில் போட்டு எடுப்பதும் உண்டு; வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: விதைத்தோலிலேயே கெட்டி தேங்காய்ச் சிரட்டைதானே?

பதில்: வகுப்பிலும் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள்! மட்டை, நார், சிரட்டை மூன்றும் கனியின் சுவர். வெள்ளைச் சட்னிக்காகச் சீவி எறிகிறோமே, பருப்பின்மேல் ஒட்டிய பழுப்புத் தோல், அதுதான் விதைத்தோல். மாங்கொட்டையின் ஓடும் கனியைச் சேர்ந்ததே. உடைத்தால் பருப்பைச் சுற்றிக் காகிதம்போல ஒன்று வரும் பாருங்கள், அது விதைத்தோல். நெல்லின் உமி இரண்டுமே இல்லை, பூவின் செதில்.

கேள்வி: பப்பாளி விதையைச் சாம்பலில் தேய்த்துப் போடச் சொல்வார் எங்க அப்பத்தா. மூடநம்பிக்கையா?

பதில்: அப்பத்தா கெட்டிக்காரி. அந்த வழுவழுப்புப் பை விதைத்தோலின் வெளியடுக்கு, முளைப்பைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. சாம்பல் அதைக் கழற்றிவிடும். மாதுளையில் நாம் சுவைக்கும் சாறும் விதைத்தோலின் வெளியடுக்கில்தான்.

கேள்வி: பஞ்சு?

பதில்: அதுவும். ஒவ்வொரு இழையும் பருத்தி விதைத்தோலில் நீண்டு வளர்ந்த ஒற்றைச் செல்.

கேள்வி: பல்லாங்குழிக்கு வைத்திருந்த குன்றிமணியைப் பையன் வாயில் போட்டுக்கிட்டான். முழுசா விழுங்கினால் ஒண்ணும் ஆகாதாமே டீச்சர்?

பதில்: தோல் உடையாதிருந்தால் நஞ்சு உள்ளேயே அடைபட்டு, பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்திருந்தாலோ, ஊசித்துளை போட்ட மணியாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. எது என்று இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பையனைத் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.