மீன் ஏற்றிய பழைய டொல்பின் வேன் வாங்கினால் வருஷா வருஷம் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்ளுமா?

கேள்வி சுருக்கமாக: 1992ஆம் வருஷ டொயோட்டா ஹையேஸ் எல்எச்113 (டொல்பின் என்பது இதைத்தான்), 3எல் டீசல் எஞ்சின். பதிவுப் புத்தகத்தில் டுவல் பர்பஸ், அதாவது ஆளும் சாமானும் ஏற்றும் வகை. கல்முனைப் பக்கம் கொஞ்சக் காலம் மீன் ஏற்றி ஓடியிருக்கிறது. வாங்கினால் ஒவ்வொரு வருஷமும் புகைச்சீட்டு எடுக்க அலைய வேண்டி வருமா?

வராது. 3எல் எஞ்சின் பழையதானாலும் புகைச் சோதனை அதற்குப் பெரிய விஷயமில்லை. மீன் ஏற்றியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் யோசிக்க வேண்டிய இடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புகை. இலங்கையில் 2008இலிருந்து வருஷ லைசன்ஸ் புதுப்பிக்கப் புகைச்சீட்டு வேண்டும். டுவல் பர்பஸ் என்றால் அதோடு இன்சூரன்ஸும் இருந்தால் போதும். பஸ், லொறி என்று பதிந்த வண்டிக்குத்தான் ஃபிட்னஸ் சான்றிதழும் சேர்ந்து வரும். டீசலுக்கு நடக்கும் சோதனை இதுதான்: கியர் நியூட்ரலில் இருக்க, எக்ஸிலேட்டரை ஒரேயடியாக அடி வரை மிதிப்பார்கள், எஞ்சின் உச்சச் சுற்றுக்குப் போகும், விடுவார்கள். இதைப் பல தடவை செய்து, சைலன்சர் வாயில் வைத்த மீட்டர் ஒளி எவ்வளவு மறைபடுகிறது என்று அளக்கும். புகை கறுப்போ நீலமோ, மீட்டருக்கு எல்லாம் ஒன்றுதான்.

கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு, அல்லது டீசல் கூடுதல், அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. மலிவான வேலையிலிருந்து தொடங்குங்கள். எயார் பில்டர் முதலில். அறுவடைக் காலத்தில் அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் வயல் வீதிகளில் ஓடிய வண்டியின் பில்டரைத் திறந்து பாருங்கள், தூசியும் பதரும் மடிப்புக்குள் கெட்டியாக இறங்கியிருக்கும். கொம்பிரஷர் காற்றை வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே ஏறும். உள்ளிருந்து வெளியே, மெதுவாக அடிக்க வேண்டும். சோதனைக்குப் போகிற வருஷம் புதிதே போடுங்கள். பிறகு டீசல் பில்டர். அதன் அடியில் தண்ணீர் தங்கும்; கீழ்த் திருகை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மேலுள்ள கைப்பம்பை அழுத்தித் தெளிந்த டீசல் வரும் வரை விடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் நொசில், எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் முனை. நாலையும் கழற்றிப் பம்ப் வேலை செய்யும் கடையில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3எல் நொசில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் அது இறங்கிவிடும், டீசல் மூடுபனியாக வராமல் துளியாக ஒழுகும். துளி முழுதாக எரியாது, கறுப்பாக வெளியே வரும். ஸ்பிரிங்குக்குச் சிம் என்ற மெல்லிய தகட்டு வளையம் சேர்த்து அழுத்தத்தை ஏற்றலாம், 0.05 மிமீ கூட்டினால் ஏறக்குறைய 7 கிலோ ஏறும். ஆனால் நுனி தேய்ந்து ஒழுகும் நொசிலுக்குச் சிம் போட்டுப் பயனில்லை, நுனியையே மாற்ற வேண்டும். திருப்பிப் பூட்டும்போது அடி வாசர்கள் எல்லாம் புதிது. பழையதைப் போட்டால் கொம்பிரஷன் கசியும், அந்தச் சத்தத்தைக் கேட்டு எஞ்சினே போய்விட்டது என்று நினைப்பீர்கள்.

வால்வ் இடைவெளியையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.20 முதல் 0.30 மிமீ, எக்ஸோஸ்ட் 0.40 முதல் 0.50 மிமீ.

டீசல் பம்பின் பின்பக்கத்தில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் குறைத்துப் புகையை அடக்கித் தரும் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) உண்டு. முன்னவர் இழுவைக்காக அதைக் கூட்டி வைத்திருந்தால், பழைய இடத்துக்கு இறக்குவது சரிதான். நொசில் கெட்டிருக்க, அதை மறைக்கத் திருகினால் சீட்டு கிடைக்கும். ஆனால் மஹாஓயா தாண்டி பதுளை ஏற்றத்தில் ஆட்களோடு வண்டி திணறும். அளவு மீறித் திருகினால் எஞ்சின் உச்சச் சுற்றுக்கே போகாது, அப்படிப் போகாவிட்டால் சோதனையும் ஒழுங்காக நடக்காது.

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அதற்காக எஞ்சின் பிரிப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஒயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் நீலமாக வரும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினது என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், சோதனைக்கு முன் மாற்றியே ஆக வேண்டும். இதன் கணக்கு 1,00,000 கிலோமீட்டர். உச்சச் சுற்றுக்கு அடித்து அடித்துப் பார்க்கும்போது பழைய பெல்ட் அறுந்தால், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அந்தச் செலவுக்கு முன்னால் பெல்ட் விலை ஒன்றுமே இல்லை.

சோதனை நாளில் எஞ்சின் நல்ல சூட்டில் போகட்டும். ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு வரை ஓடி வந்தால் போதுமான சூடு. மூன்றாம் கியரில் கொஞ்சம் உயர்ந்த சுற்றில் வந்தால், ஊருக்குள் மெல்ல ஓடிச் சைலன்சருக்குள் படிந்த கரியும் கழன்று போகும். வரிசையில் எஞ்சினை நிறுத்தி ஒரு மணித்தியாலம் கிடந்துவிட்டு நேரே ஏற்றாதீர்கள்.

இனி மீன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரைத் தகட்டு இணைப்புகள் வழியாகச் சேஸிக்கு இறங்கும், வருஷக்கணக்கில் அங்கேயே தங்கும். அதோடு கடற்காற்று. போதாக்குறைக்கு, வாவியில் இறக்கி வண்டி கழுவும் பழக்கம். வாவித் தண்ணீரும் உப்புத்தான், அது கழுவுவதே இல்லை. புகை மீட்டருக்கு இது எதுவும் தெரியாது. சேஸி இற்ற வண்டிக்கும் புகைச்சீட்டு கிடைக்கும், அதைக் காட்டி நல்ல வண்டி என்று விற்கவும் செய்வார்கள். அதனால் வாங்கப் போகும்போது ரம்பில் ஏற்றி, ஒரு சுத்தியலும் பெரிய ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு போங்கள்.

பின் ஸ்பிரிங் பூட்டியிருக்கும் தாங்கி, அதன் மேலே வரும் சேஸி, முன்கதவுக்குக் கீழ்ப் படி, சக்கர வளைவின் உட்பக்கம், பின்கதவின் அடி: இவற்றைத் தட்டிப் பாருங்கள். தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும். இற்ற இடம் சொத்தென்று கேட்கும். அண்டர்கோட் (வண்டியின் அடியில் பூசும் கறுப்புப் பூச்சு) புதிதாகப் பளபளத்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினால், ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும் (புட்டி) ஃபைபரும் துண்டாகப் பெயரும். கதவில் பட்டி இருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். ஸ்பிரிங் தாங்கியில் இருந்தால் வண்டியே வேண்டாம். அப்படியும் வாங்குவதென்றால், இற்றதை வெட்டி எடுத்துத் தடித்த தகடு வைத்துத் தொடர் வெல்டிங் அடிக்க வேண்டும். மேலே தகட்டை ஒட்டிப் புள்ளி புள்ளியாக அடிப்பது வேலையில்லை. வெல்டிங்குக்கு முன் பெட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், ஓல்டர்னேட்டர் தப்பும்.

பிரேக் குழாய்களையும் கையால் தடவிப் பாருங்கள், குறிப்பாகக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களை. உப்பு அங்கேதான் ஒதுங்கும். துருப் பொருக்கு கையோடு வந்தால் அந்தக் குழாய் முழுதாக மாற்ற வேண்டியது. இடையில் வெட்டி ஒட்டுவது வேண்டாம். பின் அச்சுக்கும் வண்டியின் பொடிக்கும் (உடற்பகுதி) நடுவே ஒரு வால்வும் கம்பியும் இருக்கும், பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது அதுதான். மீன் வண்டிகளில் அது இறுகிக் கிடக்கும். இறுகினால் மழை வீதியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பும். ஹாண்ட் பிரேக் கேபிளும் உறைக்குள் துருப்பிடித்து இழுபடாமல் நிற்கும்.

கடைசியாகப் புத்தகம். இந்த வண்டிகளில் பழைய எஞ்சினைக் கழற்றி வேறொன்று வைத்திருப்பது சாதாரணம். எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று நேரே பாருங்கள். சேஸி நம்பர் துருவுக்குள் இருந்தால் கிரைண்டர் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தெரியும், பார்த்த பிறகு மேலே கிரீஸ் பூசிவிடலாம். எஞ்சின் நம்பர் ஒத்துவராவிட்டால், விற்பவரே திருத்திக் கொண்டுவரட்டும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.