மாணவர் விசாவுக்கான பணம் யார் கணக்கில், எத்தனை நாள் இருக்க வேண்டும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மூன்றாண்டுக் கணக்கியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வகுப்புகள் செப்டம்பர் இறுதியில் தொடங்குகின்றன. கணவர் செம்பனைத் தோட்டத்தில் கங்காணி. சேமிப்பு ஊழியர் சேமநிதியிலும் அமானா சஹாம் என்ற யூனிட் முதலீட்டிலும் இருக்கிறது. குறைவதைத் தம்பி தருவதாகச் சொல்லியிருக்கிறார். "மலேசியர்கள் வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை, அப்படியே கேட்டாலும் ஒரு வாரத்துக்கு நானே பணம் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஏஜண்ட். நம்பலாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, ஏஜண்ட் சொன்னதில் முதல் பாதி சரி. வங்கி ஆவணங்களை விண்ணப்பத்தோடு இணைக்கத் தேவையில்லாத நாட்டவர் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. ஆனால் பணம் காட்ட வேண்டாம் என்பதற்குப் பணம் இருக்க வேண்டாம் என்று பொருளில்லை. அதிகாரி விரும்பினால் எந்த விண்ணப்பதாரரிடமும் ஆவணம் கேட்கலாம். கேட்கும்போது அவர் பார்ப்பது விண்ணப்பம் கொடுத்த நாளுக்கு முந்தைய கணக்கு என்பதால், கேட்ட பிறகு பணம் திரட்டிப் பயனில்லை. ஆகவே, கேட்பார்கள் என்றே எண்ணித் தயாராகுங்கள்.

பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கை உறுதிப் பத்திரத்தில் முதலாண்டுக் கட்டணமும் அதில் நீங்கள் ஏற்கெனவே கட்டிய தொகையும் குறிக்கப்பட்டிருக்கும். கட்ட வேண்டிய மீதியோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் கணக்கில் இருக்க வேண்டிய தொகை. 2025 நவம்பர் 11 முதல் அந்தச் செலவு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 பவுண்டு என வகுக்கப்பட்டுள்ளது. ஷெஃபீல்டுக்கு ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு ஆகிறது. ரிங்கிட்டின் மதிப்பு நாளுக்கு நாள் மாறுவதால், கணக்கிட்ட தொகைக்கு மேல் சில ஆயிரம் ரிங்கிட் கூடுதலாகவே வைத்திருங்கள்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். இடையில் ஒரு நாள்கூட இருப்பு குறையக் கூடாது. ஒரு தந்தை என்னிடம் கொண்டுவந்த வங்கிப் புத்தகத்தில் இருபத்தோராம் நாள் மோட்டார் தவணைக்காக 340 ரிங்கிட் எடுத்த ஒரே ஒரு வரி இருந்தது. இருப்பு தேவையான தொகைக்குக் கீழே இறங்கியிருந்ததால், பணத்தை மீண்டும் நிரப்பி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. விண்ணப்பிப்பதற்கு முன்பே கவனித்ததால் பிழைத்தோம்.

கணக்கு மகளுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். தாய்மாமன் நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், அவர் கணக்கில் உள்ள பணம் இங்கே சேராது. அவர் கொடுப்பதை நன்கொடையாக உங்கள் கணக்குக்கோ மகள் கணக்குக்கோ முன்கூட்டியே மாற்றிவிடட்டும். அமானா சஹாம் யூனிட்டுகளும் நகையும் பணமாகி வங்கிக்கு வந்த பிறகுதான் கணக்கில் சேரும். சேமநிதி இருப்பையும் அப்படியே காட்ட முடியாது. ஆனால் பிள்ளைகளின் கல்விக்காகச் சேமநிதியின் ஒரு பிரிவான அக்காவுன் செஜாத்ராவிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு. அதைக் கொண்டு முதலாண்டுக் கட்டணத்தில் இயன்றதைக் கட்டி, அது உறுதிப் பத்திரத்தில் பதிவாகும்படி பார்த்துக்கொண்டால், வங்கியில் வைக்க வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும். உங்கள் நிலைமையில் இதுவே நல்ல வழி என்று கருதுகிறேன்.

ஏஜண்ட் தரும் ஒரு வாரப் பணத்தைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். 28 நாள் கணக்குக்கு அது போதாது. இல்லாத பணம் இருப்பதாகக் காட்டி அது ஏமாற்று என்று முடிவானால், விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு பத்தாண்டுத் தடையும் வரலாம். அந்தத் தடை ஏஜண்டை ஒன்றும் செய்யாது, உங்கள் மகள் பெயரில்தான் விழும். "சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். வருகையாளராக நுழைந்தவர் அங்கிருந்தபடியே மாணவர் விசாவுக்கு மாற முடியாது.

பெற்றோர் கணக்கைக் காட்டும்போது மகளின் பிறப்புப் பத்திரமும் உங்கள் சம்மதக் கடிதமும் தேவைப்படும். நம் தோட்டப்புறக் குடும்பங்கள் இடறும் இடம் இதுதான். பிறப்புப் பத்திரத்தில் சுப்ரமணியம், அடையாளக் கார்டில் சுப்பிரமணியம், வங்கியில் சுப்பரமணியன் என்று ஒரே மனிதர் மூன்று பெயரில் இருப்பார், ஏனென்றால் அந்தந்தக் காலத்தில் பதிந்தவர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். உங்கள் கணவரின் மூன்று ஆவணங்களையும் மேசையில் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு வாக்குமூலம் செய்துகொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம் மலாய் மொழியில் இருப்பதால், மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரங்களோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இன்னொரு செலவைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமும் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், விசாக் காலம் முழுமைக்கும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு இது பொதுவாக 2,716 பவுண்டு வரும். 28 நாள் பணத்தில் கைவைக்காமல் இதைத் தனியே ஒதுக்குங்கள். காசநோய்ப் பரிசோதனையைப் பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில்தான் செய்ய வேண்டும். ஊர் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. அந்தச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

விண்ணப்பத்துக்குப் பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். ஆகவே தம்பியின் பணமும் அமானா சஹாம் பணமும் ஜூன் இறுதிக்குள் ஒரே கணக்கில் வந்து சேரட்டும். ஜூலை முழுவதும் அந்தக் கணக்கைத் தொடாமல் வைத்திருந்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் விண்ணப்பியுங்கள். தானாகக் கழியும் கார் தவணையோ காப்புறுதியோ அந்தக் கணக்கில் இருந்தால், ஜூன் மாதத்திலேயே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.