ஸ்டீயரிங் கனக்கிறதா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்களின் கேள்விகள்

வண்டிக்கு 25 வயது. பவர் ஸ்டீயரிங்தான், ஆனால் நிறுத்தும்போது இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஸ்டீயரிங் கனத்தாலே பம்ப் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. முன் டயர்களின் காற்று, பவர் ஸ்டீயரிங் ஆயிலின் அளவு, பெல்ட்டின் இறுக்கம் மூன்றையும் பார்த்துவிட்டீர்களா? காற்று குறைந்திருந்தாலே நிறுத்துமிடத்தில் கை வலிக்கும்.

அவை சரியாக இருந்தால், இறுக்கம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேட வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டைத் திறந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். பவர் ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக்கும் பெட்டி) ஆயில் நகர வேண்டும் என்பதால் சற்று எதிர்ப்பு இருக்கும். ஆனால் அது ஒரே சீராக இருக்க வேண்டும். அப்படி இருந்தும் தரையில், இன்ஜின் ஓடும்போது மட்டும் கனக்கிறது என்றால், பவர் உதவி போதவில்லை. அப்போதுதான் பம்ப் சந்தேகப் பட்டியலில் வரும். அங்கேயும் பிரஷர் கேஜ் போட்டு அழுத்தத்தை அளந்த பிறகே மாற்ற வேண்டும்.

தூக்கிய நிலையிலும் இறுக்கமா? பாக்ஸிலிருந்து நீளும் கையான பிட்மேன் ஆர்மிலிருந்து, சக்கரங்களுக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கைக் கழற்றுங்கள். இப்போது சக்கரங்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் தனியே திருப்பிப் பாருங்கள். சக்கரம் இறுகினால் கோளாறு, சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் அல்லது பால் ஜாயிண்டில். ஸ்டீயரிங் இறுகினால் பாக்ஸில் அல்லது ஸ்டீயரிங் காலம் எனப்படும் தண்டுப் பகுதியில். ஸ்டீயரிங் டாம்பர் (அதிர்வைத் தணிக்கும் குழாய்) இருக்கும் வண்டியில் அதன் ஒரு முனையையும் கழற்றித் தனியாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். வளைந்த டாம்பர் கையை நன்றாகவே ஏமாற்றும்.

ஐடிலிங்கில் கனமாக இருக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லேசாகிறது. முழுக்கத் திருப்பினால் கீச்சென்று சத்தம் வேறு.

முதல் சந்தேகம் பெல்ட்தான். உள்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாகியிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மாற்றிவிடுங்கள். புது பெல்ட்டிலும் ஐடிலிங்கில் கனம் தொடர்ந்தால், தேய்ந்த பம்ப்பாக இருக்கலாம். ஆயில் டப்பாவையும் திறந்து பாருங்கள். நுரைத்திருந்தால் காற்று உள்ளே போகிறது. டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. சரிசெய்த பிறகு, முன் சக்கரங்கள் தூக்கிய நிலையில், இன்ஜினைப் போடாமலே இரண்டு பக்கமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். ஆயில் இறங்க இறங்க நிரப்புங்கள். அப்புறம் இன்ஜினைப் போடலாம். முழுத் திருப்பத்தில் சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் சூடேறிக் கெடும்.

ஆயில் குறைந்தால் எதை ஊற்றலாம்?

டப்பா மூடியிலோ வண்டிக் கையேட்டிலோ எழுதியிருப்பதை. பழைய வண்டிகள் பலவற்றில் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தான் வரும், எல்லாவற்றிலும் அல்ல. பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் இறுகி, நடுவில் லேசாகிறது. என்னவாக இருக்கும்?

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்ட். அதன் நடுவில் இருக்கும் கிராஸ் (சிலுவை வடிவத் துண்டு) இறுகிப்போனால் இப்படித்தான் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பிடிக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருந்தால் சூட்டில் கிரீஸ் சீக்கிரம் காய்ந்துவிடும். துரு நீக்கும் ஆயில் அடித்ததும் லேசானால் கோளாறு அங்கேதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதுவே வைத்தியம் இல்லை, ஜாயிண்ட்டை மாற்றுங்கள்.

4H (நான்கு சக்கர ஓட்டம்) போட்டுத் தார் ரோட்டில் வளைத்தால் ஸ்டீயரிங் இறுகுகிறது, வண்டி தத்தித் தத்தி நகர்கிறது.

வண்டியில் கோளாறு இல்லை. முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் 4H போட்டதும் முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள் ஒன்றாகப் பிணைந்துவிடும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் எல்லாம் முறுக்கேறும். லிவர் 2H-க்கு (இரண்டு சக்கர ஓட்டம்) வர மறுத்தால் நேராகச் சிறிது தூரம் ரிவர்ஸ் எடுங்கள், விடுபடும். சென்டர் டிஃப் உள்ள வண்டியிலும் அதன் லாக் விழுந்திருந்தால் இதே கதைதான்.

கிங்பின் பேரிங் மாற்றினேன். அதிலிருந்து கனம், வளைத்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதும் இல்லை.

ஷிம் (இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) கணக்கு தவறியிருக்கிறது. முன்பு இருந்த ஷிம்களையே திரும்பப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். புது பேரிங்குக்கு அது பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. கிங்பின்னின் ஃபிளாஞ்சுக்கு (விளிம்புத் தட்டு) அடியில் ஷிம் வைக்கும் அமைப்பில், ஷிம் குறையக் குறைய இறுக்கம் கூடும். ஸ்டீயரிங் ஆர்மில் டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து, கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரிய ஆயில் சீலைப் பொருத்தும் முன்பே அளப்பது நல்லது, சீலின் பிடியும் கணக்கில் சேர்ந்து குழப்பும்.

அந்த வேலையோடு வேலையாக யாராவது ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் உள்ள சரிசெய்யும் ஸ்குருவையும் முறுக்கினார்களா? பிளே (ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம்) குறைகிறதே என்று அதை இறுக்கிக்கொண்டே போவது கெட்ட பழக்கம். பாக்ஸுக்குள் நேர் நிலையில்தான் பிடிமானம் மிக அதிகம்; அதனால் அந்த நிலையில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பிளே பெரும்பாலும் தேய்ந்த டை ராட் எண்டில் இருக்கும், ஸ்குருவில் அல்ல.

பவர் இல்லாத பழைய லேண்ட் ரோவர் சீரிஸ். எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்தும் பலன் இல்லை.

ஸ்டீயரிங் ரிலேயைப் பார்த்தீர்களா? ஸ்டீயரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும், முன் குறுக்குச் சட்டத்துக்குள் நிற்கும் குழாய் அது. கிரீஸ் நிப்பிள் கிடையாது, ஆயில்தான்; அதனால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேல் மூடியில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஒரு துளையில் ஆயில் விட்டு, மற்றதில் காற்று வெளியேற விடுங்கள். லேசாகாவிட்டால் அதைப் பிரிக்க வேண்டும். தயவுசெய்து தெரிந்தவரிடம் கொடுங்கள். உள்ளே அழுத்தி வைத்த வலுவான ஸ்பிரிங் இருக்கிறது, எகிறினால் ஆளைக் காயப்படுத்தும்.

அகலமான டயரும் வெளியே தள்ளிய வீலும் போட்டேன். கனம் அதனாலா?

ஆமாம். டயரின் நடுப்பகுதி கிங்பின் கோட்டைவிட்டு வெளியே போகப் போக, திருப்ப அதிக பலம் வேண்டும். பழைய வீலை மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.