மனு எந்தக் கதவுக்குப் போக வேண்டும்?

கேள்வி: எங்கள் கோயிலில் வாராவாரம் இருந்த தமிழ்ப் பூசை, இப்போது மாதம் இரண்டாகக் குறைந்துவிட்டது. கேட்டால் ‘மேலிடத்து உத்தரவு’ என்கிறார்கள். கத்தோலிக்கச் சபையும் அந்தக் காலத்துத் தோட்டம் மாதிரிதானே? லண்டனில் கம்பெனி, இங்கே பெரிய துரை, அப்புறம் கிராணி, மண்டோர், கடைசியில் பால்மரம் வெட்டுகிற நாம். கையெழுத்து வாங்கி கோலாலம்பூர் பேராயருக்கோ, நேராகப் பாப்பரசருக்கோ மனு அனுப்பலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணம்

பதில்: இரண்டு பேருக்கும் வேண்டாம். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் தோட்டத்தை மனத்தில் வைத்துச் சபையைப் பார்ப்பதால், தட்ட வேண்டிய கதவை விட்டுவிட்டு வேறு கதவைத் தேடுகிறீர்கள்.

பெரிய துரை லண்டன் கம்பெனியின் ஆள். ஆயர் (பிஷப்) அப்படி இல்லை. அவரை நியமிப்பவர் பாப்பரசர், சரி. ஆனால் ஆயர்கள் பாப்பரசரின் பதிலாள்கள் அல்ல, கிறிஸ்துவின் பெயரால் தமக்கே உரிய அதிகாரத்தோடு மறைமாவட்டத்தை, அதாவது தம் பொறுப்பில் உள்ள பகுதியை, நடத்துகிறவர்கள் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) எழுதியே வைத்திருக்கிறது. பாப்பரசருக்கு உலகத்தின் எந்தப் பங்கின் மீதும், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள எந்தக் கோயில் சமூகத்தின் மீதும், நேரடி அதிகாரம் உண்டு. அதற்காக, எந்த ஊரில் எந்த மொழியில் எத்தனை மணிக்குப் பூசை என்று ரோமாபுரியில் உட்கார்ந்து யாரும் அட்டவணை போடுவதில்லை.

கோலாலம்பூருக்கு வருவோம். பேராக், பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கோலாலம்பூர் பேராயர் தம்முடையதும் சேர்த்து தீபகற்பத்தின் மூன்று மறைமாவட்டங்களுக்கு மூத்தவர்தான். ஆனால் பினாங்கின் பங்கு ஒன்றில் பூசை நேரத்தை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் 2023-இல் கர்தினால் ஆனார். 2025 மே மாதம் பாப்பரசரைத் தேர்ந்தெடுத்த 133 பேரில் அவரும் ஒருவர். அதனால் அவர் கோலாலம்பூரை ஆளத் தொடங்கிவிடவில்லை. கர்தினால் பட்டம் ஓட்டுப் போடவும் ஆலோசனை சொல்லவும்தான்.

அப்படியானால் உங்கள் பூசையைக் குறைத்தது யார்? பெரும்பாலும் பங்குச் சாமியார். ஒரே ஆள், தமிழ், ஆங்கிலம், மண்டரின், மலாய் என்று நான்கு மொழி என்றால், எங்கோ குறைக்கத்தான் வேண்டியிருக்கும். காரணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லாமல் ‘மேலிடம்’ என்று மூடுவது தப்பு. முகம் தெரியாத மேலிடத்தோடு யார் போய்ப் பேசுவது?

1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 212-ஆம் எண்ணைப் படியுங்கள். சபையின் நன்மைக்கான கருத்தைத் தங்கள் மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில நேரம் அது கடமையும் கூட என்கிறது. கடைசி முடிவு உங்கள் கையில் இல்லை. பங்குப் பேரவையும் ஆலோசனைதான் சொல்லலாம். அந்தப் பேரவைகூட ஆயர் வேண்டும் என்றால்தான் கட்டாயம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 அக்டோபரில் ரோமாபுரியில் முடிந்த ஆயர் மாமன்றமும் இப்படிப்பட்ட பேரவைகளைக் கட்டாயமாக்கச் சொல்லித்தான் கேட்டது.

நான் வளர்ந்த தோட்டத்தில் சாமியார் மாதம் ஒரு தடவைதான் மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்களுக்கு உபதேசியார்தான். மரம் வெட்டிப் பால் எடுத்து, குளித்துவிட்டு வருவார். அப்போதும் கையில் பால் வாடை இருக்கும். ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருந்தார். யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, எந்த வீட்டில் சண்டை, எல்லாம் அதில் இருக்கும். சாமியார் வந்து உட்கார்ந்ததும் அந்த நோட்டைத்தான் முதலில் மேசையில் வைப்பார். சாமியார் அதைப் படித்து முடித்த பிறகுதான் காப்பி வரும். உபதேசியாருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்க்காமல் சாமியார் ஒரு வீட்டுப் படியும் ஏறியதில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோன குடும்பங்களில் தமிழ்ப் பூசை மட்டுமே புரிகிற பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களைக் காரில் ஏற்றிவர யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். அதைச் சாமியாரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, காரணத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே பட்டியலோடு பினாங்கு ஆயருக்குக் கடிதம். தேதி போட மறக்காதீர்கள், ஒரு நகலும் கையில் இருக்கட்டும்.