ஜிஞ்சருக்கு முன்னால் ஒரு சகரம்

அன்புள்ள ஐயா,

'ஜிஞ்சர்' என்ற ஆங்கிலச் சொல் சமஸ்கிருத 'சிருங்கவேர'த்திலிருந்து வந்தது, அதற்குக் 'கொம்பு போன்ற உடல்' என்று பொருள் என ஓர் அகராதியில் படித்தேன். நண்பர்களோ நம் 'இஞ்சிவேர்'தான் ஜிஞ்சர் ஆனது என்கிறார்கள். அப்படியானால் முன்னால் உள்ள 'ச' எங்கிருந்து வந்தது? அவர்களிடம் பதில் இல்லை. எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த 'ச'வைப் பிடித்தீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கிப் போனால் பழைய பிரெஞ்சு, அப்புறம் பிற்கால லத்தீனின் 'ஜிஞ்சிபெர்', அதற்கும் முன்னால் கிரேக்கத்தின் 'ஜிங்கிபெரிஸ்'. கி.பி. 79இல் இறந்த ரோமானியர் பிளினி, இது மிளகின் வேர் என்று சிலர் நம்பியதை மறுத்தே எழுதியிருக்கிறார். கிரேக்கர்களுக்கு இந்தப் பெயரைத் தந்தது, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் 'சிங்கிவேர' போன்ற ஒரு பிராகிருத (வட இந்தியப் பழைய பேச்சுமொழி) வடிவம். இதுவரை பெரிய சண்டை இல்லை.

சண்டை அதற்கு முன்னால்தான். 'சிருங்கம்' என்றால் கொம்பு. இஞ்சியின் வடிவத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. அந்த அழகுதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. வெளியிலிருந்து வந்த சொல்லைத் தெரிந்த சொல்லாகத் திருத்திப் பொருள் சொல்வது எல்லா மொழிகளிலும் நடப்பது. மண்ணுக்கடியில் விளையும் ஒன்றின் பெயரில் வரும் 'வேர'வுக்கு 'உடல்' என்ற பொருள் எதற்கு? தமிழிலும் மலையாளத்திலும் வேர் வேர்தான்.

சரி, 'ச'வுக்கு வருவோம். தென்திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் இருந்த சகரம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. நடு இந்தியாவில் பேசப்படும் திராவிட மொழிகளில் அது இன்னும் இருக்கிறது: நம் 'ஆறு' என்ற எண் கோண்டியில் 'சாருங்'. நம் 'உப்பு' பர்ஜியில் 'சுப்'. அதே வழியில், இஞ்சிக்கும் ஒரு காலத்தில் சகரத்தில் தொடங்கும் வடிவம் இருந்திருக்க வேண்டும். வடக்கே போனது அந்தப் பழைய வடிவம். எனவே பாலியில் உள்ள 'ச' உங்கள் நண்பர்களுக்கு எதிரான சாட்சி அல்ல, அவர்களுக்கு ஆதரவானது. ஆனால் இன்றைய 'இஞ்சி' அப்படியே கப்பலேறிப் போனது என்று சொல்லாதீர்கள். அதன் மூதாதை போனது என்பதே சரி. தமிழ்ச் சொல் என்பதைவிடத் திராவிடச் சொல் என்று சொல்லவே எனக்கு விருப்பம். தமிழ் தனியாகப் பிரிவதற்கு முந்தைய வடிவத்தைப் பற்றியல்லவா பேசுகிறோம்?

இன்னொன்று. 'மெதுவாக, ஜாக்கிரதையாக' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் 'ஜிஞ்சர்லி'யை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஒலி ஒன்றுதான், ஆனால் இஞ்சியோடு அதற்கு உறவில்லை.

அன்புடன்.