மெனோபாஸ் காலத்தில் வரும் திடீர்ச் சூட்டுக்கு வீட்டு நீர்ச் சிகிச்சை உதவுமா?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதை மெனோபாஸ் என்கிறோம். அறிகுறிகள் சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடலாம். நீர்ச் சிகிச்சை என்பது தண்ணீரின் குளிர்ச்சியாலோ வெதுவெதுப்பாலோ உடலுக்கு இதமளிப்பது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறையும்போது, மூளையில் உடல்வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சிறு வெப்ப உயர்வைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொண்டு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குவதால்தான் முகமும் கழுத்தும் திடீரெனக் கனல்கின்றன. அந்நேரத்தில் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டால், மண்பானையின் புறத்தில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதைப் போலவே, துண்டின் ஈரமும் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு ஆவியாகும். புழுக்கமான நாளில் ஈரம் எளிதில் ஆவியாகாது என்பதால் மின்விசிறியும் வேண்டும். தூக்கம் கெடுபவர்கள் படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம்; கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது (பலருக்கு அதுதான் குளியல்) சூட்டைத் தூண்டிவிடக்கூடும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் ஹார்மோன் குறைவு சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீர் வியர்வையில் இழந்ததை ஈடுசெய்யுமே தவிர ஈஸ்ட்ரோஜனைக் கூட்டாது, ஆகவே தொல்லை அன்றாட வேலையைக் கெடுத்தால் மகளிர் நல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.